112 வெளியே போகிறதா? – தொலைபேசிக் கேள்வி பதில்

கேள்வி: எங்களுடையது சிறிய பிரசவ மருத்துவமனை. நான் கணக்குப் பார்க்கிறேன், கம்ப்யூட்டர் வேலையும் என் பொறுப்புதான். உள்ளே 12 ஐபி போன்கள் இருக்கின்றன, ஆஸ்டெரிஸ்க் என்ற தொலைபேசி மென்பொருள் உள்ள ஒரு சின்ன சர்வரில் ஓடுகின்றன. வெளியே பேச இரண்டு லேண்ட்லைன்கள். போன்களையும் லேண்ட்லைன்களையும் இணைக்கப் பழைய சிஸ்கோ 2811 ரவுட்டர் ஒன்று வாங்கி, 9 அழுத்தினால் வெளி லைன் கிடைக்கும்படி செய்திருக்கிறேன். ஆனால் எண்ணை அழுத்தி முடித்ததும் பத்து விநாடி ஒரு சத்தமும் இல்லை, அப்புறம்தான் அழைப்பு போகிறது. சில நாள் மாலையில் லைன் 'பிஸி'யாகவே கிடக்கிறது, ரவுட்டரை அணைத்துப் போட்டால் சரியாகிறது. என்ன தப்பு?
– வாசகர், ராஜபாளையம்

பதில்: இரண்டு தொல்லைக்கும் மருந்து இருக்கிறது, சொல்கிறேன். நீங்கள் கேட்காத மூன்றாவது ஒன்றும் இருக்கிறது. அதுதான் எனக்கு முக்கியம்.

முதலில் ரவுட்டரில் செருகியிருக்கும் கார்டைப் பாருங்கள். லேண்ட்லைன் ஒயர் செருகும் போர்ட் எஃப்எக்ஸ்ஓ வகையாக இருக்க வேண்டும். எஃப்எக்ஸ்எஸ் என்பது சாதாரண போனுக்கு டயல் டோனும் மணியும் கொடுக்கும் போர்ட், அதாவது அது எக்ஸ்சேஞ்ச் மாதிரி நடந்துகொள்ளும். எஃப்எக்ஸ்ஓ போன் மாதிரி நடந்துகொள்ளும். பார்வைக்கு இரண்டும் ஒன்றுபோலவே இருக்கும். மாற்றிச் செருகினால், எக்ஸ்சேஞ்சிலிருந்து வரும் 48 வோல்ட்டும் கார்டு தரும் மின்சாரமும் மோதிக்கொள்ளும். உங்களுக்கு அழைப்பு போகிறது என்பதால் சரியான கார்டுதான்.

இனி அந்தப் பத்து விநாடி. எந்த எண் எந்த வழியில் போக வேண்டும் என்று ரவுட்டருக்குச் சொல்லும் விதிக்கு டயல்-பியர் என்று பெயர். நீங்கள் அதில் '9டி' என்று எழுதியிருப்பீர்கள். அந்த 'டி' எழுத்துக்கு, எத்தனை இலக்கம் வந்தாலும் வாங்கிக்கொள் என்று பொருள். எப்போது முடிந்தது என்று ரவுட்டருக்குத் தெரியாது. அடுத்த இலக்கம் வருமா என்று பத்து விநாடி காத்திருக்கும், அது அதன் இயல்பான அளவு. எண்ணின் கடைசியில் # அழுத்தினால் உடனே போய்விடும். ஆனால் இரவுப் பணியில் இருக்கும் நர்ஸ் எல்லாரும் அதை நினைவில் வைத்திருக்க வேண்டும் என்று எதிர்பார்ப்பது நியாயம் இல்லை. எண்ணின் நீளத்தை நீங்களே எழுதிக் கொடுத்துவிடுங்கள்.

2021 ஜனவரி 15 முதல் லேண்ட்லைனிலிருந்து மொபைலுக்குப் பேச முன்னால் 0 சேர்க்கிறோம். எஸ்டிடிக்கும் 0 உண்டு. இரண்டிலும் 0-க்குப் பின் பத்து இலக்கம். ஆகவே '90' எழுதிப் பத்துப் புள்ளி வையுங்கள், ஒரு புள்ளி என்றால் ஏதாவது ஓர் இலக்கம். உங்கள் ஊர் எண்களுக்கு ஆறு இலக்கம், அதற்குத் தனியாக ஒரு டயல்-பியர். 'டி' வேண்டியதில்லை, கடைசி இலக்கம் விழுந்ததும் அழைப்பு கிளம்பும்.

இங்கேதான் பலரும் மாட்டிக்கொள்கிறார்கள். லேண்ட்லைன் பக்கத்து டயல்-பியரில் நாம் இலக்கமாக எழுதியதை ரவுட்டர் விழுங்கிவிடும், புள்ளிக்குப் பொருந்தியதை மட்டுமே வெளியே அனுப்பும். '90' என்று எழுதினால் 9-ஐயும் விழுங்கும், 0-ஐயும் விழுங்கும். எக்ஸ்சேஞ்சுக்கு 0 இல்லாத எண் போய்ச் சேரும். அதனால் அந்த டயல்-பியருக்கு ஃபார்வர்ட்-டிஜிட்ஸ் 11 (கடைசி 11 இலக்கத்தை வெளியே அனுப்பு) என்றும், ஊர் எண்களுக்கு ஃபார்வர்ட்-டிஜிட்ஸ் 6 என்றும் கொடுங்கள்.

இதே விழுங்கல்தான் நான் சொல்லவந்த மூன்றாவது விஷயம். பல வருடங்களுக்கு முன் ஒரு மருத்துவமனையில் நான் இதே மாதிரி ஒரு இணைப்பைக் கட்டினேன். அவசர எண்ணுக்குத் தனியாக டயல்-பியர் எழுதி, அப்போதைய வழக்கப்படி 108 என்று வைத்தேன். மூன்று இலக்கமும் நான் எழுதியவை. மூன்றையும் ரவுட்டர் விழுங்கிவிட்டது. லைனை எடுக்கும், ஒன்றும் டயல் செய்யாது, வெறும் டயல் டோன் கேட்கும். மற்ற எல்லா எண்ணையும் சோதித்தேன், இதைச் சோதிக்கவில்லை. மூன்று வாரம் கழித்து வரவேற்பில் இருந்த அம்மா, "சார், ஆம்புலன்ஸ் நம்பர் போகவே மாட்டேங்குது, என் செல்லில்தான் கூப்பிட்டேன்" என்றார். அன்று அவர் கையில் செல் இருந்தது. இல்லாமல் இருந்திருந்தால்? இன்றும் ஒரு கேட்வேயை, அதாவது இணையப் போனையும் லேண்ட்லைனையும் இணைக்கும் பெட்டியை, தொட்டால் என் முதல் சோதனை அதுதான்.

ஆகவே அவசர எண்களான 112, 108, 101 ஒவ்வொன்றுக்கும் டயல்-பியர் எழுதி, ஃபார்வர்ட்-டிஜிட்ஸ் 3 கொடுங்கள். 9 அழுத்தினாலும் அழுத்தாவிட்டாலும் போக வேண்டும், பதற்றத்தில் யாருக்கும் 9 ஞாபகம் வராது. ஆஸ்டெரிஸ்க்கிலும் இந்த எண்களுக்கு வழி திறந்திருக்கிறதா என்று பாருங்கள். பிறகு ஒவ்வொன்றையும் ஒரே ஒரு முறை கூப்பிட்டு, "சோதனை அழைப்பு, இங்கே ஆபத்து ஒன்றும் இல்லை" என்று எடுத்தவுடன் சொல்லி வைத்துவிடுங்கள்.

மாலையில் லைன் சிக்கிக்கொள்வதற்குக் காரணம் வேறு. லேண்ட்லைனில் எதிராளி வைத்துவிட்டார் என்று சொல்லத் தனிச் செய்தி கிடையாது. எக்ஸ்சேஞ்ச் பிஸி டோனைத்தான் போடும். நாம் காதால் கேட்டு ரிசீவரை வைப்போம், ரவுட்டருக்கு அந்தக் காதை நாம்தான் கொடுக்க வேண்டும். போர்ட்டில் சிபிடோன் ஐஎன், அதாவது இந்திய டோன், என்று போடுங்கள். போடாவிட்டால் அது அமெரிக்க டோனை எதிர்பார்த்துக்கொண்டே இருக்கும். நம்முடையது 400 ஹெர்ட்ஸ், முக்கால் விநாடி ஒலி, முக்கால் விநாடி மௌனம். கூடவே சூப்பர்வைசரி டிஸ்கனெக்ட் டூயல்டோன் மிட்-கால் சேருங்கள், பேச்சின் நடுவே அந்த டோன் கேட்டால் ரவுட்டர் லைனை வைத்துவிடும். வரும் அழைப்புகளுக்குக் கனெக்ஷன் ப்ளார் ஓபிஎக்ஸ் போட்டு வரவேற்பு எண்ணைக் கொடுங்கள். வரவேற்பில் எடுத்த பிறகுதான் லைன் திறக்கும். எடுக்காத அழைப்புக்குக் கூப்பிட்டவர் காசு இழக்க மாட்டார்.

சரி, கடைசியாக ஒன்று. இரண்டு லைனையும் ரவுட்டரில் கொடுக்காதீர்கள். ஒன்றைக் கழற்றி, பிரசவ அறைக்கு வெளியே ஒரு சாதாரண போனில் நேராகச் செருகுங்கள். ரவுட்டர் நின்றாலும், சர்வர் நின்றாலும், ரவுட்டர் லைனில் யாராவது பேசிக்கொண்டிருந்தாலும் அந்தப் போன் பேச வேண்டும். வெளி அழைப்புக்கு லைன் போதவில்லை என்றால் மூன்றாவது லைன் வாங்குங்கள். இதில் மட்டும் நான் விட்டுக்கொடுக்க மாட்டேன்.

கேள்வி: என் தம்பி துபாயில் இருக்கிறான். வீட்டில் இப்படி ஒரு கேட்வே வைத்தால், அவனும் அவன் அறை நண்பர்களும் இணையம் வழியே வந்து எங்கள் லேண்ட்லைனில் உள்ளூர்க் கட்டணத்தில் பேசலாமாமே?
– வாசகி, காரைக்குடி

பதில்: வேண்டாம் அம்மா. வெளிநாட்டிலிருந்து இணையத்தில் வரும் அழைப்பை உள்ளூர் லைனில் இறக்கிவிடுவது, உரிமம் இல்லாமல் எக்ஸ்சேஞ்ச் நடத்துவது. தொலைபேசிச் சேவைக்கு அரசு உரிமம் வேண்டும் என்பது 1885 தந்திச் சட்டத்திலேயே இருந்தது, 2023-இல் வந்த புதிய சட்டத்திலும் இருக்கிறது. லைன் உங்கள் பெயரில் இருப்பதால் போலீஸ் உங்கள் வாசலில்தான் வந்து நிற்கும். தம்பி அங்கே அனுமதி உள்ள செயலியில் உங்களோடு நேராகப் பேசட்டும்.

இதைப் படிக்கும் ராஜபாளையத்து வாசகரும் கவனிக்கவும். இணைய வழி அழைப்புகள் உள்ளே வரும் வாசலான 5060 போர்ட் உங்கள் ரவுட்டரில் இணையத்துக்குத் திறந்திருந்தால், முன்பின் தெரியாதவர் உள்ளே வந்து உங்கள் லைனில் வெளிநாடு பேசிவிடுவார். சிஸ்கோ ரவுட்டரின் மென்பொருளான ஐஓஎஸ் 15.1(2)டி பதிப்பிலிருந்து, நம்பகமான முகவரிப் பட்டியலில் இல்லாத அழைப்பை ரவுட்டரே தள்ளிவிடும். அதற்கு முந்தைய பதிப்பு என்றால் அந்தக் காவல் இல்லை. சர்வரின் முகவரியை மட்டும் அனுமதியுங்கள். ஐஎஸ்டி தேவையில்லை என்றால் லைனிலேயே அதைப் பூட்டச் சொல்லிவிடுங்கள்.

கேள்வி: எங்கள் பழைய லேண்ட்லைனை ஃபைபராக மாற்றிவிட்டார்கள். எண் அதேதான். ஆனால் கரண்ட் போனால் போனும் போய்விடுகிறது. முன்பு அப்படி இல்லையே?
– வாசகர், கோவில்பட்டி

பதில்: முன்பு உங்கள் போனுக்கு மின்சாரம் எக்ஸ்சேஞ்சிலிருந்து செம்புக் கம்பியில் வந்தது. நான் வேலைக்குச் சேர்ந்தபோது முதலில் காட்டிய இடமே பேட்டரி அறைதான். இரண்டு வோல்ட் செல்கள் இருபத்துநான்கு, இடுப்பு உயரத்தில் வரிசையாக நிற்கும். ஊரே இருண்டாலும் டயல் டோன் இருந்தது அவற்றால்தான்.

ஃபைபர் கண்ணாடி இழை, அதில் ஒளிதான் போகும். உங்கள் வீட்டுச் சுவரில் மாட்டியிருக்கும் பெட்டிதான் இப்போது கேட்வே. நீங்கள் பேசுவதை இணையப் பொட்டலங்களாக்கி அனுப்புவதும், போனுக்கு மணி அடிக்க மின்சாரம் கொடுப்பதும் அதுவே. அதற்கு ஒரு சின்ன யுபிஎஸ் வாங்கி வையுங்கள். பெரும்பாலான பெட்டிகள் 12 வோல்ட்டில் ஓடுபவை, அடாப்டரில் அச்சிட்டிருப்பதைப் பார்த்து அதே அளவில் வாங்குங்கள். வீட்டில் வயதானவர்கள் இருந்தால் இந்த வாரமே வாங்குங்கள்.