கேளுங்கள், சொல்கிறோம்: கல்விச் செலவில் யார் முன்னே?

கேள்வி: இரண்டு வளரும் நாடுகளின் கல்விச் செலவை ஒப்பிட்டுக் கட்டுரை எழுதுகிறேன். இரண்டு அரசுகளும் ஜி.டி.பி.யில் (நாட்டின் மொத்த உள்நாட்டு உற்பத்தியில்) 4 சதவீதம் கல்விக்குச் செலவிடுகின்றன. சமம் என்று எழுதிவிடலாமா?

பதில்: வேண்டாம். அந்த 4 சதவீதத்தை எத்தனை பிள்ளைகள் பங்கு போட்டுக்கொள்கிறார்கள் என்று முதலில் பாருங்கள். ஒரு நாட்டில் மக்கள்தொகையில் 15 சதவீதம் பேர் படிக்கிறார்கள், மற்றதில் 30 சதவீதம் என்று வைத்துக்கொள்வோம். 4-ஐ 15-ஆல் வகுத்தால், ஒரு மாணவருக்கான செலவு தனிநபர் ஜி.டி.பி.யில் சுமார் 27 சதவீதம். 30-ஆல் வகுத்தால் 13 சதவீதம்தான். பாதிக்குப் பாதி! இரண்டாவது நாடு ஏழை நாடாகவும் இருந்தால் கையில் வரும் பணம் இன்னும் குறையும். படித்தவர்கள் அரிதாக உள்ள நாட்டில் ஆசிரியர் சம்பளம் தனிநபர் ஜி.டி.பி.யைப் போல் பல மடங்கு இருக்கும். அதனால் அதே சதவீதத்துக்குக் கிடைக்கும் ஆசிரியர்களும் குறைவு.

தொடக்கக் கல்வி, இடைநிலை, உயர்கல்வி மூன்றையும் தனித்தனியே கணக்கிடுங்கள். கல்லூரி மாணவர் ஒருவருக்கு ஆகும் செலவு தொடக்கப் பள்ளிப் பிள்ளையின் செலவைப் போல் பல மடங்காக இருக்கலாம்; சராசரி அதை மறைத்துவிடும்.

சதவீதம் காண வகுக்கும் எண்ணான ஜி.டி.பி.யையும் ஒரு கண் பாருங்கள். நைஜீரியா 2014-இல் ஜி.டி.பி. கணக்கின் அடிப்படை ஆண்டை (விலைகளுக்கும் துறைகளின் எடைக்கும் ஆதாரமாக எடுக்கும் ஆண்டை) 1990-இலிருந்து 2010-க்கு மாற்றியது. 2013-ஆம் ஆண்டின் ஜி.டி.பி. ஒரே நாளில் 89 சதவீதம் உயர்ந்தது. பள்ளிகளுக்குப் போன பணத்தில் ஒரு காசும் குறையவில்லை, ஆனால் ஜி.டி.பி.யில் அதன் பங்கு கிட்டத்தட்டப் பாதியாகிவிட்டது.

கேள்வி: அப்படியானால் பட்ஜெட்டில் கல்வியின் பங்கைப் பார்ப்பது சரியா?

பதில்: அக்கறையை அளக்க உதவும், வசதியை அளக்க உதவாது. தென்கொரியாவின் இஞ்சியோனில் நடந்த உலகக் கல்வி மாநாட்டின் 2015 பிரகடனத்தையொட்டி வந்த செயல்திட்டம் ஜி.டி.பி.யில் 4 முதல் 6 சதவீதம், அரசுச் செலவில் 15 முதல் 20 சதவீதம் என இரண்டு அளவுகோல்களைத் தருகிறது. வரி வசூல் மெலிந்து, மொத்த அரசுச் செலவே ஜி.டி.பி.யில் 12 சதவீதமாக உள்ள நாடு அதில் 20 சதவீதத்தைக் கல்விக்குக் கொடுத்தாலும் 2.4 சதவீதம்தான் தேறும். 30 சதவீதம் செலவிடும் நாடு வெறும் 15 சதவீதம் ஒதுக்கினாலே 4.5 வந்துவிடும்.

எதைக் கல்விச் செலவு என்கிறார்கள் என்பதும் முக்கியம். பட்ஜெட்டில் 20 சதவீதம் கல்விக்கு என்று இந்தோனேசிய அரசியல் சாசனமே சொல்கிறது. ஆசிரியர் சம்பளத்தையும் அதில் சேர்க்கலாம் என 2008-இல் அந்நாட்டு அரசியல் சாசன நீதிமன்றம் தீர்ப்பளித்தது. இலக்கு எட்டாத தூரத்திலிருந்து எட்டும் தூரத்துக்கு வந்தது. தீர்ப்புக்கு முந்தைய சதவீதத்தையும் பிந்தையதையும் ஒரே வரைபடத்தில் வைப்பது தப்பு.

கேள்வி: இந்தியாவுக்கு மட்டும் ஆளுக்கொரு எண் சொல்கிறார்களே?

பதில்: மத்திய கல்வி அமைச்சகத்தின் ஒதுக்கீட்டை மட்டும் எடுத்தால் ஜி.டி.பி.யில் அரை சதவீதம்கூட வராது. 1976 முதல் கல்வி, மத்திய அரசும் மாநிலங்களும் சட்டம் இயற்றக்கூடிய பொதுப் பட்டியலில் இருந்தாலும் செலவின் பெரும்பகுதி மாநிலங்களுடையது. இரண்டையும் சேர்த்து 2022-23-க்குப் பொருளாதார ஆய்வறிக்கை சொன்னது 2.9 சதவீதம். பிற துறைகள் கல்விக்கும் பயிற்சிக்கும் செய்யும் செலவையும் கூட்டும் கல்வி அமைச்சகத்தின் கணக்கு 4-ஐத் தாண்டும். எதுவும் பொய்யில்லை, எல்லை வேறு. இன்னொரு நாட்டோடு ஒப்பிட யுனெஸ்கோ புள்ளியியல் நிறுவனத்தின் எண்ணையே இரண்டு பக்கமும் எடுங்கள். ஒரு பக்கம் பட்ஜெட் ஆவணம், மறுபக்கம் யுனெஸ்கோ என்று கலப்பதுதான் அடிக்கடி நடக்கும் பிழை.

பட்ஜெட் ஆவணங்களையே பயன்படுத்துவதானால், மதிப்பீட்டை விட்டுவிட்டு உண்மைச் செலவைப் பாருங்கள். 2025-26 பட்ஜெட்டில் அது 2023-24-க்குத்தான் இருக்கும். நிதியாண்டும் இடிக்கும்: இந்தியாவுக்கு ஏப்ரலில் தொடக்கம், வங்கதேசத்துக்கு ஜூலையில், இலங்கைக்கு ஜனவரியில்.

கேள்வி: டாலருக்கு மாற்றி ஒப்பிடலாமா?

பதில்: சந்தை மாற்று விகிதத்தில் வேண்டாம். நாணய மதிப்பு சரிந்த ஆண்டில் கல்விச் செலவும் சரிந்ததுபோல் தெரியும். ஒவ்வொரு நாட்டிலும் அதே பணத்துக்கு எவ்வளவு வாங்க முடியும் என்பதை வைத்துக் கணக்கிடும் வாங்கும் திறன் சமநிலை விகிதம் மேல்.