தேடலில் வரும் எண்ணிக்கையை நம்பலாமா? உங்கள் கேள்விகளும் என் பதில்களும்

நூலகத்தில் மாணவர்களுக்குத் தேடிக் கொடுப்பதும், தேடக் கற்றுக் கொடுப்பதும்தான் பல வருடங்களாக என் வேலை. தேடுபொறியில் ஆண்ட் (இதுவும் அதுவும்), ஆர் (இது அல்லது அது), நாட் (இது வேண்டாம்) போட்டுத் தேடும்போது "சுமார் இத்தனை முடிவுகள்" என்று வருகிற எண்ணைப் பற்றி யாருக்குச் சந்தேகம் இருந்தாலும் கேளுங்கள் என்று சொல்லியிருந்தேன். வந்த கேள்விகளுக்கு வரிசையாகப் பதில் எழுதுகிறேன்.

கேள்வி (ஆய்வு மாணவி): அக்கா, ஒரு சொல்லை மட்டும் போட்டுத் தேடினால் நான்கு லட்சம் என்று வருகிறது. அதோடு 'ஆர்' போட்டு இன்னொரு சொல்லைச் சேர்த்தால் ஒன்றரை லட்சமாகக் குறைகிறது. "இது அல்லது அது" என்றால் கூடத்தானே வேண்டும்? நான் ஏதாவது தப்பாகப் போடுகிறேனா?

நீங்கள் போட்டது சரிதான். கணக்கும் உங்கள் பக்கம்தான். 'ஆர்' போட்டால் எண்ணிக்கை கூடலாம், அப்படியே நிற்கலாம். குறைய வழியே இல்லை.

இதை 2005 ஜனவரியிலேயே ஒருவர் பிடித்துவிட்டார். பிரான்சில் புரோவான்ஸ் பல்கலைக்கழகத்தின் மொழியியலாளர் ஜான் வெரோனிஸ், அப்போதைய அதிபர் சிராக்கின் பெயரைக் கூகுளில் தேடினார். பிறகு இன்னொரு பிரெஞ்சு அரசியல்வாதியான சர்கோசியின் பெயரையும் சேர்த்து "சிராக் ஆர் சர்கோசி" என்று தேடினார். இரண்டாவதற்கு வந்த எண் முதலாவதைவிட மிகவும் குறைவு. சர்கோசி வந்ததும் சிராக்கின் பக்கங்கள் காணாமல் போய்விடுமா என்ன?

காரணம் இதுதான். தேடுபொறி நீங்கள் கேட்ட நேரத்தில் வலையைத் தேடுவதில்லை. புத்தகத்தின் கடைசியில் சொல்லடைவு இருக்கும் அல்லவா, அதுபோல ஒவ்வொரு சொல்லுக்கும் அது வருகிற பக்கங்களின் பட்டியலை முன்பே தயாராக வைத்திருக்கிறது. ஒற்றைச் சொல் என்றால் அந்தப் பட்டியல் எவ்வளவு நீளம் என்று பார்த்து ஒரு எண்ணைச் சட்டென்று சொல்லிவிடலாம். இரண்டு சொல் என்றால் இரண்டு பட்டியலையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். அதை முழுவதும் செய்ய நேரமாகும், அதனால் யாரும் செய்வதில்லை. உங்களுக்குக் காட்ட நல்லதாகப் பத்துப் பக்கம் கிடைத்துவிட்டால் போதும். கொஞ்ச தூரம் பார்த்துவிட்டு, மீதியும் இப்படித்தான் இருக்கும் என்று பெருக்கி ஒரு எண்ணைத் தருகிறது.

ஒரு பானை சோற்றுக்கு ஒரு சோறு பதம் என்கிறோம். ஒரே பானையில் ஒன்றாக வெந்த சோறாக இருந்தால்தான் அது செல்லும். வலை அப்படி வெந்தது இல்லை. தரமான பக்கங்கள் முன்னால் இருக்கும், குப்பை பின்னால் கிடக்கும். முன்னால் எடுத்த பருக்கை அடியில் இருப்பதைப் பற்றி எதுவும் சொல்லாது. ஒரு கற்பனைக் கணக்கு: மொத்தம் 100 கோடிப் பக்கங்கள் இருக்கின்றன. முதல் 10 லட்சத்தைப் பார்த்ததில் 40 பக்கங்கள் பொருந்தின. ஆயிரத்தால் பெருக்கினால் 40,000. உண்மையில் பொருந்தும் பக்கங்களில் பெரும்பாலானவை அந்த முன்பகுதியிலேயே இருந்துவிட்டால், மொத்தம் சில நூறுகூடத் தேறாது. ஒற்றைச் சொல்லுக்கு ஒரு வழியில் மதிப்பிட்டு, 'ஆர்' தேடலுக்கு வேறு வழியில் மதிப்பிட்டால் இரண்டு எண்ணும் ஒன்றோடொன்று பொருந்த வேண்டிய அவசியமே இல்லை. உங்களுக்கு நடந்தது அதுதான்.

கேள்வி (கல்லூரி ஆசிரியர்): இன்னொரு சொல்லைச் சேர்த்துத் தேடும்போது எண்ணிக்கை கூடுகிறதே, மேடம்? 'ஆண்ட்' என்றால் வடிகட்டத்தானே வேண்டும்?

மேலே சொன்ன மதிப்பீடு ஒரு காரணம். இன்னொன்றும் இருக்கிறது. நீங்கள் எழுதியதை அப்படியே தேடுவதாக நினைக்கிறீர்கள், அது அப்படித் தேடுவதில்லை. ஒத்த பொருள் உள்ள சொற்களைச் சேர்க்கும், எழுத்துப் பிழையைத் திருத்தும். சொற்கள் அதிகமானால் ஒன்றிரண்டைத் தானே விட்டும் விடும். முடிவுக்குக் கீழே "இந்தச் சொல் இதில் இல்லை" என்று சில சமயம் சின்னதாக எழுதியிருப்பதைப் பார்த்திருப்பீர்கள். 'நாட்' அடையாளமான கழித்தல் குறியிலும் இதே கதைதான். ஒரு சொல்லை விலக்கியதும் எண் ஏறினால் பயப்படாதீர்கள், அதற்குப் பொருள் எதுவும் இல்லை.

கேள்வி (செய்தியாளர்): முதல் பக்கத்தில் லட்சக்கணக்கில் காட்டுகிறது. நகர்த்திக்கொண்டே போனால் இருபதாவது பக்கத்துக்குள் தீர்ந்துபோகிறது. மீதி எங்கே?

கூகுள் எந்தத் தேடலுக்கும் ஆயிரம் முடிவுகளுக்கு மேல் காட்டாது. பெரும்பாலும் அதற்கும் வெகு முன்னாலேயே நின்றுவிடும். ஒரே செய்தியை முப்பது தளங்கள் போட்டிருந்தால் ஒன்றிரண்டை வைத்துக்கொண்டு மற்றதை மறைத்துவிடும். கடைசிப் பக்கத்தின் அடியில், இவற்றைப் போலவே இருக்கும் முடிவுகளை விட்டுவிட்டோம் என்று ஒரு வரி இருக்கும். அந்தப் பக்கத்தில் எண்ணிக்கையையும் பாருங்கள். லட்சமாக இருந்தது சில நூறாகச் சுருங்கியிருக்கும். உள்ளே போகப் போக மதிப்பீட்டைத் திருத்திக்கொள்கிறது.

அந்தச் சில நூறுதான் உண்மை என்றும் எடுத்துக்கொள்ளாதீர்கள். அது உங்களுக்குக் காட்டச் சம்மதித்த அளவு, அவ்வளவுதான்.

கேள்வி (பிழை திருத்துநர்): "சுவரில்" சரியா, "சுவற்றில்" சரியா என்று சந்தேகம் வந்தால் இரண்டையும் மேற்கோள் குறிக்குள் போட்டு, எதற்கு எண்ணிக்கை அதிகமோ அதை எடுத்துக்கொள்கிறேன். பல பேர் இப்படித்தான் செய்கிறோம். தவறா?

தவறுதான். இதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல ஆசைப்படுகிறேன், ஏனென்றால் நம் மொழிக்கு இதில் சேதம் இருக்கிறது.

முதலில் இலக்கணம். ஆறு, ஆற்றில் ஆகும். கிணறு, கிணற்றில் ஆகும். 'று' என்று முடிவதால் அப்படி இரட்டிக்கிறது. சுவர் என்பது 'ர்' என்று முடிகிறது, ஆகவே சுவரில். "சுவறு" என்று ஒரு சொல்லே இல்லை. எத்தனை லட்சம் பக்கங்கள் "சுவற்றில்" என்று எழுதினாலும் இது மாறாது.

அடுத்தது, தமிழ்ச் சொல்லை எண்ணுவதே சிரமம். சுவரில் என்று தேடினால் சுவரிலிருந்து, சுவரிலே, சுவரிலும் எல்லாம் சேருமா சேராதா என்பது தேடுபொறியின் விருப்பம். ஒரு சொல்லுக்குச் சேர்த்து இன்னொன்றுக்குச் சேர்க்காமலும் போகலாம்.

மூன்றாவதை நான் நேரிலேயே பார்த்தேன். ஒரு மாணவர் ஔவையார் என்று தேடி, கிடைத்தது மிகக் குறைவு என்று வருத்தப்பட்டார். திரையில் பார்த்தால் எழுத்தில் எந்தக் குறையும் தெரியவில்லை. கர்சரை முதல் எழுத்துக்குப் பின்னால் வைத்து பேக்ஸ்பேஸைத் தட்டச் சொன்னேன். 'ள' மட்டும் அழிந்தது, 'ஒ' நின்றது. அவர் அடித்திருந்தது ஔ என்ற ஓர் எழுத்து இல்லை, ஒ, ள என்ற இரண்டு எழுத்துகள். பல எழுத்துருக்களில் கண்ணுக்கு இரண்டும் ஒன்றாகவே தெரியும். கணினி எழுத்துகளை அடையாளம் காணும் யூனிகோடு முறையில் இரண்டும் வேறு வேறு. வலையில் இரண்டு விதமாகவும் ஏராளமாக எழுதி வைத்திருக்கிறோம். யூனிகோடு முறையில் இல்லாத பழைய பாமினி எழுத்துருவில் ஏற்றிய பக்கங்கள் இதில் எதற்கும் அகப்படாது.

அதனால் சந்தேகம் வந்தால் அகராதியைப் பாருங்கள். வழக்கு எப்படி இருக்கிறது என்றுதான் தெரிய வேண்டும் என்றால், எண்ணக்கூடிய ஒன்றை எடுத்து எண்ணுங்கள். தமிழ் விக்கிப்பீடியா முழுவதையும் இலவசமாக இறக்கிக்கொள்ளலாம். 1998 முதல் மதுரைத் திட்டம் ஏற்றிவரும் நூல்களும் அப்படியே கிடைக்கின்றன. கணினியில் கோப்பாக வைத்துத் தேடினால் வருகிற எண், நாளைக்குத் தேடினாலும் அதேதான்.

கேள்வி (மாணவர்): ஒரே தேடலுக்கு என் போனில் ஒரு எண், நண்பன் போனில் வேறு எண் வருகிறது, அக்கா.

கேள்வி போகிற டேட்டா சென்டர் வேறாக இருக்கலாம். அங்கே உள்ள பட்டியல் கொஞ்சம் பழையதாகவோ புதியதாகவோ இருக்கலாம். ஊர், மொழி அமைப்பு எல்லாம் சேர்ந்தும் மாறும். ஐந்து நிமிடம் கழித்து உங்கள் போனிலேயே தேடிப் பாருங்கள், மறுபடி மாறலாம், தம்பி.

கேள்வி (மொழிபெயர்ப்பாளர்): அடைப்புக்குறி போட்டால் சரியாக வருமா?

எந்தத் தேடுபொறி என்பதைப் பொறுத்தது. "விடுதி மதுரை ஆர் திருச்சி" என்று தேடுகிறீர்கள் என்று வையுங்கள். கூகுளில் 'ஆர்' தன் இரு பக்கத்துச் சொற்களை முதலில் பிடித்துக்கொள்ளும். விடுதி வேண்டும், மதுரையோ திருச்சியோ ஒன்று வேண்டும் என்று ஆகும். பிங் தன் உதவிக் குறிப்பில் 'ஆர்' கடைசியாகத்தான் கணக்கில் வரும் என்கிறது. அங்கே இதே வரி, விடுதியும் மதுரையும் உள்ள பக்கங்கள், இல்லாவிட்டால் வெறும் திருச்சி என்று ஆகிவிடும். ஆகவே பிங்கில் "மதுரை ஆர் திருச்சி" என்பதை மட்டும் அடைப்புக்குறிக்குள் போடுவது அவசியம். கூகுள் அடைப்புக்குறியைக் கண்டுகொள்வதில்லை.

'ஆர்' என்பதை ஆங்கிலப் பெரிய எழுத்தில் அடியுங்கள், சிறிய எழுத்தில் அடித்தால் சாதாரணச் சொல்லாகிவிடும். கழித்தல் குறிக்கும் சொல்லுக்கும் நடுவில் இடைவெளி விடாதீர்கள். ஒரு சொல் கட்டாயம் வேண்டும் என்று காட்டக் கூட்டல் குறியைப் பழைய பழக்கத்தில் இன்னும் போடுபவர்கள் இருக்கிறார்கள். கூகுள் அதை 2011 அக்டோபரிலேயே எடுத்துவிட்டது, இப்போது மேற்கோள் குறிதான்.

கேள்வி (முனைவர் பட்ட ஆய்வாளர்): "இணையத்தில் இந்தத் தலைப்பில் இத்தனை லட்சம் பக்கங்கள்" என்று ஆய்வேட்டில் எழுதலாமா? என் நெறியாளர் எண் வேண்டும் என்கிறார்.

தயவுசெய்து எழுதாதீர்கள். எங்களிடம் ஒரு பெண் அச்சடித்த பட்டை வரைபடத்தோடு வந்தாள். ஆறு சொற்கள், ஆறு பட்டைகள், எல்லாமே தேடுபொறி எண்கள். மேசையில் உட்கார்ந்து மறுபடி ஆறையும் தேடினோம். மூன்றாவது இடத்தில் இருந்தது முதலிடத்துக்கு வந்துவிட்டது. அவள் முகம் வாடியது இன்னும் நினைவில் இருக்கிறது. இரண்டு மாத உழைப்பு.

கணினி மொழியியலாளர் ஆடம் கில்கரிஃப் 2007-லேயே கூகுள் எண்ணிக்கையை நம்பிச் செய்யும் ஆய்வு மோசமான அறிவியல் என்று வெளிப்படையாக எழுதினார். அதையே உங்கள் நெறியாளரிடம் காட்டலாம்.

எண் வேண்டும் என்றால், முழுவதையும் எண்ணித் தருகிற தளத்துக்குப் போங்கள். மருத்துவம் என்றால், மருத்துவ ஆய்வுக் கட்டுரைகளைத் தேடித் தருகிற பப்மெட். அதில் உயர்நிலைத் தேடல் பக்கத்தில் நீங்கள் செய்த ஒவ்வொரு தேடலும் வரிசை எண்ணோடும் முடிவு எண்ணிக்கையோடும் நிற்கும். தலைப்பிலும் சுருக்கத்திலும் மட்டும் என்று குறிப்பிட்டு டெங்குவைத் தேடுங்கள், சிக்குன்குன்யாவைத் தேடுங்கள். அப்புறம் இரண்டையும் 'ஆண்ட்' போட்டு, பிறகு 'ஆர்' போட்டுத் தேடுங்கள். முதல் இரண்டையும் கூட்டி, 'ஆண்ட்' எண்ணைக் கழித்தால் 'ஆர்' எண் வந்து நிற்கும். ஆண்ட், ஆர், நாட் எல்லாவற்றுக்கும் அடிப்படையாகக் கணிதவியலாளர் ஜார்ஜ் பூல் 1854-இல் எழுதி வைத்த தர்க்கம் அங்கே ஒழுங்காக வேலை செய்கிறது. தேடிய வரியை அப்படியே, தேதியோடு ஆய்வேட்டில் எழுதுங்கள். வேறு ஒருவர் திரும்பச் செய்து பார்க்க முடிய வேண்டும்.

கேள்வி (மென்பொருள் பணியாளர்): இவ்வளவு பெரிய நிறுவனங்கள் சரியாக எண்ணக்கூடாதா?

எண்ணலாம், ஆனால் ஒவ்வொரு தேடலுக்கும் பட்டியல் முழுவதையும் படிக்க வேண்டும். கேட்பவருக்கு வேண்டியது முதல் சில முடிவுகள். யாரும் கேட்காத எண்ணுக்காக அத்தனை சர்வர்களை ஓட விடுவதில்லை.

ஒரு காலத்தில் எண்ணிக்கை விளம்பரமாகவும் இருந்தது. 2004 இறுதியில் கூகுள் முகப்பில் 8,058,044,651 பக்கங்களைத் தேடுவதாக எழுதியிருந்தது. 805 கோடிக்கு மேல், கடைசி ஒன்று வரை எண்ணியதுபோல! 2005 ஆகஸ்டில் யாஹூ தன்னிடம் 1,900 கோடிக்கு மேல் ஆவணங்கள் இருப்பதாக அறிவித்தது. அடுத்த மாதமே கூகுள் முகப்பிலிருந்து அந்த எண்ணை எடுத்துவிட்டது.

கேள்வி (ஆய்வு மாணவி, மீண்டும்): அப்படியானால் அந்த எண்ணை எதற்குமே பயன்படுத்தக் கூடாதா, அக்கா?

நான் ஒன்றுக்கு மட்டும் பார்க்கிறேன். மேற்கோள் குறிக்குள் ஒரு நீண்ட வரியைப் போட்டு, கோடிக்கணக்கில் வந்தால் மேற்கோள் குறி வேலை செய்யவில்லை என்று தெரிந்துகொள்வேன். பெரும்பாலும் விசைப்பலகை வளைந்த மேற்கோளைப் போட்டிருக்கிறதா, ஒரு பக்கம் மூடாமல் விட்டேனா என்று பார்த்துத் திருத்துவேன். முடிவே இல்லை என்று வந்தாலும் அந்த வரி எங்கும் இல்லை என்று சொல்லிவிட மாட்டேன். நடுவில் ஒரு சொல்லை எடுத்துவிட்டு இன்னொரு முறை தேடுவேன்.