கிணற்றுக் கயிறு (வாசகர் கடிதமும் பதிலும்)

அன்புள்ள அக்காவுக்கு,

கோவை செல்வபுரத்தில் பதினோரு வருடமாக வாடகை வீடு. குறிச்சி சிட்கோவில் லேத் வேலை. வாடகை ஏறிக்கொண்டே போகிறது. ஊருக்குள் ஒன்றரை செண்ட் வாங்கக்கூட வழியில்லை. எட்டிமடைப் பக்கம் மலையடிவாரத்தில் ஒரு மனை பார்த்தோம், அதற்கும் பணம் போதவில்லை. இப்போது வேலந்தாவளம் தாண்டி, கேரளப் பக்கத்தில் ஆறு செண்ட் வருகிறது. பாதி விலைதான். கிணறும் இருக்கிறது. போன மாதம், ஐப்பசியில் போய்ப் பார்த்தபோது தண்ணீர் கைக்கு எட்டுகிற மாதிரி நின்றது. வரி ரசீதில் 'நிலம்' என்று போட்டிருக்கிறது, அது ஒரு பிரச்சினையே இல்லை என்றார் புரோக்கர். மனைவிக்கும் சம்மதம்தான். என் கவலை வேறு. தமிழ்நாட்டை விட்டுப் போவது சரியா? பிள்ளைகள் தமிழ் படிக்க முடியுமா? அங்கே நம்மை ஒதுக்கிவிட மாட்டார்களா? கடன் வாங்கி இப்போதே முடிப்பதா, இரண்டு வருடம் பொறுப்பதா?

ஆர்.

அன்புள்ள தம்பி,

உங்கள் கடிதம் வந்த அன்று காலையில்தான் அண்ணன் போன் செய்து, எங்கள் பழைய வீட்டுக் கிணற்றை மூடிவிடலாமா என்று கேட்டிருந்தார். நாள் முழுக்க அந்தக் கிணறே மனதில் ஓடிக்கொண்டிருந்தது. சாயங்காலம் பார்த்தால் 'தண்ணீர் கைக்கு எட்டுகிற மாதிரி நின்றது' என்று நீங்கள் எழுதியிருக்கிறீர்கள். அதனால்தான் மற்ற கடிதங்களை ஒதுக்கிவைத்துவிட்டு இதை எழுதுகிறேன்.

மொழிக் கவலையை விடுங்கள். நீங்கள் பார்த்த மனை இருக்கும் பாலக்காடு மாவட்டத்துச் சித்தூர் தாலுகாவின் கிழக்கு ஓரம் கொச்சி ராஜ்ஜியத்தில் இருந்த காலத்திலேயே தமிழ் பேசிய மண். தமிழ் வழிப் பள்ளிகள் இருக்கின்றன, பிள்ளைகள் கூடுதலாக ஒரு மொழி கற்றுக்கொள்வார்கள், அவ்வளவுதான். ஒதுக்குவார்களா என்கிறீர்கள். நீங்கள் தினமும் குடிக்கிற சிறுவாணித் தண்ணீரே பாலக்காடு மாவட்டத்து அணையிலிருந்துதான் வருகிறது. எட்டிமடை மனை கை நழுவியதற்கும் வருந்த வேண்டாம். மலைக்கும் ரயில் பாதைக்கும் நடுவில் யானைகள் நடக்கும் வழி அது. 2021 நவம்பரில் நவக்கரை அருகே மூன்று யானைகள் ஒரே ரயிலில் அடிபட்டுச் செத்தன. ஊர் அங்கே வளர வளர யானை எங்கே போகும்? கடனைப் பற்றி உங்கள் சம்பளம் தெரிந்த ஒருவரிடம் கேளுங்கள். ஒன்று மட்டும் சொல்கிறேன், கேரளாவில் முத்திரைத்தாளுக்கு 8, பதிவுக் கட்டணம் 2, ஆக நூற்றுக்குப் பத்து ரூபாய் விலைக்கு மேல் தனியாகப் போகும். பாதி விலை என்று கணக்குப் போடும்போது அதையும் சேர்த்துப் போடுங்கள்.

இனி, 'நிலம்'. தம்பி, இந்த ஒரு வார்த்தையைப் படித்ததும் எனக்குக் கோபம்தான் வந்தது. நமக்கு நிலம் என்றால் எல்லா மண்ணும் நிலம். கேரள வருவாய்க் கணக்கில் நிலம் என்றால் நெல் வயல். வீடு கட்டுகிற மண்ணுக்கு அங்கே புரயிடம் என்று பெயர். 2008-ல் நெல்வயல் பாதுகாப்புச் சட்டம் வந்த பிறகு, வயல் என்று பதிவான மண்ணில் பஞ்சாயத்து சும்மா வீட்டு அனுமதி தராது. மண் கொட்டி மேடாக்கி, நாலு தென்னை நட்டு, பார்க்கத் தோட்டம் மாதிரியே இருக்கும். ரசீதில் மட்டும் வயலாகவே கிடக்கும். அது டேட்டா பேங்கில், அதாவது அந்தச் சட்டப்படி எடுத்த வயல் பட்டியலில், இருக்கிறதா என்று அந்தப் பஞ்சாயத்தின் கிருஷி பவனில் (வேளாண் அலுவலகத்தில்) பார்க்க வேண்டும். இருந்தால் முதலில் அதிலிருந்து நீக்க விண்ணப்பம், அப்புறம் வகை மாற்ற இன்னொரு விண்ணப்பம், இரண்டும் வருவாய்க் கோட்டத்து ஆர்.டி.ஓ. அல்லது துணை ஆட்சியர் கையில். பத்திரத்தை அங்கே ஆதாரம் என்பார்கள். ஆதாரமும், முன்னாதாரம் என்கிற தாய்ப்பத்திரமும், குடிக்கடச் சான்று என்கிற வில்லங்கச் சான்றும் சுத்தமாக இருக்கலாம், பதிவும் தடையில்லாமல் நடக்கலாம். மண் உங்களுடையதாகிவிடும். அதில் அஸ்திவாரம் தோண்ட முடியாது. லேத்தில் நூலளவு பிசகினால் பீஸைத் தூக்கிப் போடுகிற ஆள் நீங்கள். பதினோரு வருடச் சேமிப்பை ஒரு புரோக்கரின் 'பிரச்சினையே இல்லை'யை நம்பிக் கொடுப்பீர்களா? வகை மாற்றிக் கையில் கொடுத்தால் பேசலாம் என்று விற்பவரிடம் சொல்லுங்கள். அதற்கு முன் அட்வான்ஸ் கொடுக்காதீர்கள்.

சரி, கிணற்றுக்கு வருகிறேன்.

எங்கள் அப்பா 1982 ஐப்பசியில் இதே தாலுகாவில், கொழிஞ்சாம்பாறைக்குக் கிழக்கே ஓர் ஓட்டு வீடு வாங்கினார். அதுவரை பொள்ளாச்சியில் வாடகைக்கு இருந்தோம். எனக்கு ஒன்பது வயது. உங்களைப் போலவே அப்பாவுக்கும் விலை பாதி என்பதே பெரிய சந்தோஷம். கிணற்றில் தண்ணீர் ஆறடியில் நின்றது. அப்பா ஒரு வாளி இழுத்து, கையில் ஏந்திக் குடித்து, கல்கண்டு என்றார். அன்றைக்கே வெற்றிலை பாக்கு மாற்றிவிட்டார்கள்.

தையில் தண்ணீர் இறங்கியது. மாசிக் கடைசியில் வாளி பாறையில் இடித்தது. 83 வறட்சி, இந்தப் பக்கத்துப் பெரியவர்களைக் கேட்டால் இன்றும் சொல்வார்கள். அரை மைல் தள்ளி ஒரு தோட்டத்துக் கிணற்றில் மட்டும் தண்ணீர் இருந்தது. கரண்ட் வந்தால்தான் மோட்டார் ஓடும், அது ராத்திரி எந்நேரம் வரும் என்று யாருக்கும் தெரியாது. மோட்டார் சத்தம் கேட்டதும் அம்மா என்னை எழுப்புவார். அம்மா இடுப்பில் பித்தளைக் குடம், தலையில் இன்னொன்று. என் கையில் அலுமினியத் தூக்கு. வாய்க்காலில் வருகிற தண்ணீரைத் தேங்காய்த் தொட்டியால் மொண்டு, துணியில் வடிகட்டி ஊற்ற வேண்டும். பாலக்காட்டுக் கணவாய்க் காற்றில் புழுதி வந்து குடத்தின் வாயில் படியும். விடிவதற்குள் நாலு நடை. அப்பா அந்த நேரம் தூங்கிக்கொண்டிருப்பார். அவரைக் குறை சொல்லவில்லை, ஏழு மணிக்கு அவர் பஸ் ஏற வேண்டும். ஆனால் அந்தக் கிணறு எங்கள் வீட்டில் யாருக்கு எப்படி வறண்டது என்பதை நீங்கள் தெரிந்துகொள்ள வேண்டும்.

இருபது வருடம் கழித்து நானும் என் கணவரும் வீடு தேடினோம். ஓரிடத்தைப் பார்த்துவிட்டு வந்து அம்மாவிடம் சொன்னேன். அம்மா சின்ன வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தார். விலை கேட்கவில்லை, அறை எத்தனை என்று கேட்கவில்லை. "கெணத்துக் கயித்தப் பாத்தியா?" என்றார்.

எனக்குப் புரியவில்லை. அப்புறம்தான் சொன்னார். பழைய வீட்டைப் பார்க்கப் போன அன்று, ஆண்கள் திண்ணையில் பேசிக்கொண்டிருந்தபோது அம்மா கிணற்றடியில் நின்றிருக்கிறார். தண்ணீர் ஆறடியில் இருக்கிறது. கயிறோ ராட்டினத் தூணில் சுற்றிச் சுற்றி மாட்டியிருக்கிறது. அத்தனை கயிறு எதற்கு? எடுத்துப் பார்த்திருக்கிறார். நாலு இடத்தில் முடிச்சு. முதல் துண்டு கறுத்து வழவழத்துப் போனது. கடைசித் துண்டில் நார் இன்னும் பழுப்பு நிறமாகவே இருந்தது. நாலு கோடையில் நாலு தடவை கயிறு எட்டாமல் போய் நீட்டியிருக்கிறார்கள்.

"அப்பவே சொல்லியிருக்கலாமேம்மா" என்றேன்.

"வெத்தல பாக்கு மாத்தற எடத்துல என்ன யாரு கேட்டா?"

உங்கள் கடிதத்தில் உங்கள் மனைவி ஒரே ஒரு வரியில் வருகிறார். 'மனைவிக்கும் சம்மதம்தான்.' அவர் மனையை வந்து பார்த்தாரா? கிணற்றடியில் நின்றாரா? தண்ணீரைக் குடித்துப் பார்த்தாரா, அதில் பருப்பு வேகுமா என்று யோசித்தாரா? எதுவும் எழுதவில்லை. விலையையும் பிள்ளைகளின் படிப்பையும் கவனித்த நீங்கள், நீங்கள் வேலைக்குப் போன பிறகு அந்த வீட்டில் பகல் முழுக்க இருக்கப்போகிறவரைச் சம்மதம் என்ற ஒரு சொல்லில் முடித்துவிட்டீர்கள். இது எனக்கு வலிக்கிறது தம்பி.

இதே சித்தூர் தாலுகாவில், பெருமாட்டி பஞ்சாயத்தில் பிளாச்சிமடை இருக்கிறது. 2000-ல் கோகோ கோலா ஆலை வந்தது. கிணற்றுத் தண்ணீர் கெட்டதையும் இறங்கியதையும் முதலில் உணர்ந்தவர்கள் குடம் எடுத்த பெண்கள். 2002 ஏப்ரலில் ஆலை வாசலில் போராட்டம் தொடங்கியபோது முன்னால் நின்றவர்களில் மயிலம்மா என்ற பழங்குடிப் பெண் முக்கியமானவர். 2004-ல் ஆலை நின்றது. தண்ணீரைப் பற்றிக் கேட்க வேண்டியது யாரிடம் என்று அந்த ஊர் நாட்டுக்கே காட்டியது.

இங்கே தண்ணீர் சிக்கலானது. ஆழியாற்றுத் தண்ணீர் வாய்க்காலில் ஓடும் மாதங்களில் கிணறுகள் ஊறும், நின்றால் இறங்கும். தமிழ்நாடும் கேரளாவும் போட்ட பரம்பிக்குளம் ஆழியாறு ஒப்பந்தப்படி, எல்லையில் இருக்கும் மணக்கடவில் கேரளாவுக்கு ஆண்டுக்கு 7.25 டிஎம்சி வர வேண்டும். அது எப்போது, எவ்வளவு வருகிறது என்பதில் வருடா வருடம் சண்டை. ஆழ்துளைக் கிணறு போட்டால் பல இடங்களில் ஃப்ளூரைடு. குடிக்கிற தண்ணீரில் அது லிட்டருக்கு 1.5 மில்லிகிராமைத் தாண்டக் கூடாது. தாண்டினால் பிள்ளைகளின் பல்லில் முதலில் தெரியும். ஒரு பாட்டில் தண்ணீர் எடுத்து பரிசோதனைக் கூடத்தில் கொடுங்கள்.

இப்போது கிணற்றில் கயிறு இருக்காது, மோட்டார் இருக்கும். பரவாயில்லை. கிணற்றுச் சுவரில் பாசி எதுவரை இறங்கியிருக்கிறது என்று பாருங்கள். பைப் எத்தனை லென்த் இறக்கியிருக்கிறார்கள், அதில் புதுசு எத்தனை என்று கேளுங்கள். பக்கத்து வீட்டுப் பெண்களிடம் பங்குனியில் லாரித் தண்ணீர் வருமா என்று உங்கள் மனைவி கேட்கட்டும். உங்களிடம் மறைப்பதை அவரிடம் சொல்வார்கள். முடிந்தால் அந்த ஊரிலேயே தை முதல் வைகாசி வரை ஒரு வீட்டை வாடகைக்கு எடுத்து இருந்து பாருங்கள். இத்தனை வருடம் வாடகை கொடுத்த உங்களுக்கு அந்த ஐந்து மாத வாடகை நஷ்டம் இல்லை. அதற்குள் 'நிலம்' என்ன ஆகிறது என்பதும் தெரிந்துவிடும்.

அண்ணனிடம் கிணற்றை மூட வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். அந்தக் கயிறு பரணில் இருக்கிறதாம். 83-ல் அம்மா அதில் ஐந்தாவது முடிச்சுப் போட்டு இன்னொரு துண்டைச் சேர்த்தார், அதுவும் அப்படியே இருக்கிறதாம்.

அடுத்த கடிதத்தை உங்கள் மனைவியை எழுதச் சொல்லுங்கள்.

அன்புடன்,
அக்கா