பட்டன் போட வராத பையன்: டாக்டரிடம் என்ன சொல்ல வேண்டும்?

கேள்வி: என் மகனுக்கு 8 வயது. நன்றாகப் பேசுகிறான், வாய்க்கணக்குக்கு டக்கென்று பதில் சொல்கிறான். ஆனால் சட்டைப் பட்டன் போட வராது, இரண்டு வரி எழுதினால் கை வலிக்கிறது என்பான், வாசல்படியில் தடுக்கி விழுவான். இரண்டு டாக்டர்களும் ‘வளர வளரச் சரியாகிவிடும்’ என்றார்கள். டீச்சர் சோம்பேறி என்கிறார். என்ன செய்வது? – ஒரு தாய், ஊத்தங்கரை.

பதில்: சோம்பேறித்தனம் என்று எனக்குத் தோன்றவில்லை அம்மா. நீங்கள் எழுதியிருப்பதைப் பார்த்தால், டி.சி.டி. என்கிற வளர்ச்சிசார் ஒருங்கிணைப்புக் குறைபாடா என்று பரிசோதித்தே ஆக வேண்டும். அறிவிலோ பார்வையிலோ தசையிலோ கோளாறு இருக்காது. ஆனாலும் கைகால் வேலைகளைப் பழகிக்கொள்வதில் வயதுக்கு மீறிய தடுமாற்றம் இருக்கும். 5 முதல் 11 வயதுக் குழந்தைகளில் நூற்றுக்கு 5, 6 பேருக்கு இது உண்டு.

இத்தனை பேருக்கு இருந்தும் டாக்டர்களே பலர் இதை அறிந்திருப்பதில்லை. கனடா, அமெரிக்கா, பிரிட்டனில் நடத்தி 2013இல் வெளியான ஓர் ஆய்விலேயே, குழந்தை மருத்துவர்களில் பாதிக்கும் குறைவானவர்களுக்குத்தான் இது தெரிந்திருந்தது. பொது மருத்துவர்களில் இன்னும் குறைவு. தவிர, ரத்தப் பரிசோதனையிலும் ஸ்கேனிலும் இது தெரியாது. கூட்டமான ஓ.பி.யில் நாற்காலியில் உட்கார்ந்து பதில் சொல்லும் பையன் ஆரோக்கியமாகத்தான் தெரிவான். பட்டனைக் கழற்றிப் போடச் சொல்லிப் பார்க்க அங்கே யாருக்கு நேரம்?

அதனால் வீட்டில் நடப்பதை நீங்கள்தான் டாக்டர் முன்னால் வைக்க வேண்டும். ‘மெதுவாக இருக்கிறான்’ என்றால் போதாது. எந்த வேலை, எவ்வளவு நேரம், அதே வயதுப் பிள்ளை எப்படிச் செய்கிறது என்று சொல்லுங்கள். களியை உருட்டித் தின்றுவிடுகிறான், சாம்பார் சாதம் என்றால் மணிக்கட்டு வரை வழிகிறது என்பது போன்ற ஒரு விவரம் பத்துப் புகார்களுக்குச் சமம். பட்டன் போடுவதையும் சாப்பிடுவதையும் ஒரு நிமிடம் செல்போனில் எடுங்கள். பள்ளி நோட்டைக் கொண்டுபோங்கள். குறைமாதப் பிரசவமா, எப்போது நடந்தான் என்பதையும் சொல்லுங்கள்.

பிறகு நேராகவே கேளுங்கள்: “டி.சி.டி.யாக இருக்குமா? ஆக்குபேஷனல் தெரபிஸ்டைப் பார்க்க எழுதித் தருவீர்களா?” அன்றாட வேலைகளைச் செய்யப் பழக்கும் சிகிச்சையாளர்தான் ஆக்குபேஷனல் தெரபிஸ்ட். டி.சி.டி.யை டிஸ்பிராக்சியா என்றும் சொல்வார்கள், அந்தப் பெயரைச் சொன்னால் சில டாக்டர்களுக்குச் சட்டென்று புரியும். நல்ல டாக்டர் இதைத் தவறாக எடுத்துக்கொள்ள மாட்டார்.

ஒரு விஷயத்தில் மட்டும் தாமதம் கூடாது. முன்பு செய்ததை இப்போது செய்ய முடியவில்லை, தரையிலிருந்து எழத் தொடையில் கை ஊன்றுகிறான், உடம்பின் ஒரு பக்கம் மட்டும் பலவீனம், விழுவது கூடிக்கொண்டே போகிறது என்றால் அது வேறு நோயாக இருக்கலாம். உடனே குழந்தை நரம்பியல் மருத்துவரிடம் காட்டுங்கள். கண் பரிசோதனையையும் எப்படியும் செய்துவிடுங்கள்.

அரசுப் பள்ளி என்றால், அங்கே வரும் ஆர்.பி.எஸ்.கே. (அரசின் குழந்தைகள் நலப் பரிசோதனைத் திட்டம்) மருத்துவக் குழுவிடம் சொல்லலாம். வளர்ச்சித் தாமதங்களைக் கண்டறிவதும் அவர்கள் வேலைதான். அவர்கள் இத்தகைய குழந்தைகளுக்குச் சிகிச்சை தரும் மாவட்ட ஆரம்பநிலை இடையீட்டு மையத்துக்கு அனுப்புவார்கள். கல்வித் துறையின் வட்டார வள மையத்திலும் சிறப்பாசிரியர்கள், பிசியோதெரபிஸ்டுகள் பற்றிக் கேட்டுப் பாருங்கள்.

இதற்கு மாத்திரை கிடையாது. வளர்ந்தால் தானாகப் போய்விடும் என்பதும் பலருக்கு நடப்பதில்லை. எந்த வேலை வரவில்லையோ அதையே சிறு சிறு படியாகப் பழக்குவதுதான் பலன் தரும். பட்டனை மேலிருந்து தொடங்காமல், அவன் கண்ணுக்குத் தெரியும் அடிப்பட்டனிலிருந்து தொடங்கச் சொல்லுங்கள். பெரிய பட்டன், பெரிய ஓட்டை உள்ள சட்டையில் முதலில் பழகட்டும். ‘பிடி, நுழை, இழு’ என்று அவனே வாய்விட்டுச் சொல்லிக்கொண்டு செய்யட்டும்.

டீச்சரிடமும் பேசுங்கள். கரும்பலகையைப் பார்த்து எழுதுவதைக் குறைத்து, பதிலை வாயால் சொல்ல விடலாம், தேர்வில் கூடுதல் நேரம் தரலாம். எழுத்து மோசம் என்று நூறு தடவை எழுத வைப்பது அவனை வதைப்பதாகும், தயவுசெய்து நிறுத்தச் சொல்லுங்கள். அப்புறம், இந்தக் குழந்தைகளில் ஏறக்குறைய பாதிப்பேருக்குக் கவனக்குறைவுப் பிரச்சினையும் சேர்ந்தே இருக்கும். அதையும் டாக்டரிடம் கேட்டுவிடுங்கள்.