அப்பா அம்மாவ மட்டும் அயர்லாந்து கோச் டூர்ல அனுப்பலாமா?

டப்ளின்ல ஐடி வேலைல இருக்குற ஒரு வாசகர் கேட்டிருக்கார்: “ஜூன்ல அப்பா அம்மா ஊர்லேந்து வர்றாங்க. அப்பாவுக்கு 68, அம்மாவுக்கு 64, அம்மாவுக்கு முட்டி வலி, ரெண்டு பேரும் சுத்த சைவம். மேற்குக் கடற்கரைய நல்லா சுத்திக் காட்டணும்னு ஆசை, ஆனா எனக்கு லீவு ரெண்டு நாளுக்கு மேல கிடைக்காது. பெரிய பஸ்ல கைடோட போற 6 நாள் கோச் டூர் ஒண்ணு பாத்து வச்சிருக்கேன், கெரி, மோஹர், கானமாரா, ஜயன்ட்ஸ் காஸ்வே எல்லாமே வருது. அவங்கள தனியா அனுப்பலாமா, இல்ல வாடகைக் கார் எடுத்து நானே ரெண்டு நாள்ல காட்டிடவா? அப்பா இங்கிலீஷ் ஓரளவு சமாளிப்பார்.”

தாராளமா அனுப்பலாம். ஆனா நீங்க பாத்து வச்சிருக்குற அந்த டூர்ல வேண்டாம்.

முதல்ல கார் விஷயத்த முடிச்சிடுறேன். டப்ளின்லேந்து கெரில இருக்குற கில்லார்னி ஊருக்கு கிட்டத்தட்ட 300 கிமீ, போக 4 மணி நேரம் வர 4 மணி நேரம், உங்க ரெண்டு நாள்ல ஒரு நாள் மோட்டார்வேலயே போயிடும். மிச்சம் இருக்குற ஒரு நாள்ல கெரி ரோட்ட ஓட்டுனீங்கன்னா எதிர்ல வர்ற கோச்சுக்கு ஒதுங்குறதுலயே உங்க கண்ணு இருக்கும், கடல் பக்கம் திரும்பக் கூட முடியாது. இன்னொண்ணு பலருக்குத் தெரியாது, அங்க ரோட்டோரம் முழுக்க வேலிச்செடியும் கருங்கல் சுவரும்தான், கார் உயரத்துல உக்காந்தா பல எடத்துல பச்சச் சுவர் மட்டும்தான் தெரியும். கோச்ல சீட் உயரம், சுவருக்கு மேல பார்வை போகும், அந்தப் பக்கம் ஆடு மேயுறது, அதுக்கு அப்பால கடல், எல்லாம் உக்காந்த எடத்துலயே தெரியும். அதனால முட்டி வலி இருக்குறவங்களுக்கு கோச்சே மேல்.

இப்ப அந்த டூர் ஏன் வேண்டாம்னா, முதல் காரணம் ஜயன்ட்ஸ் காஸ்வே, கடலோரத்துல பாறைத்தூணா நிக்கிற எடம். அது வட அயர்லாந்து, அதாவது பிரிட்டன். பார்டர்ல செக் போஸ்ட் எதுவும் இருக்காது, பஸ் பாட்டுக்கு போயிடும், அதனால நிறைய பேர் கண்டுக்க மாட்டாங்க, ஆனா சட்டப்படி இந்திய பாஸ்போர்ட் வச்சிருக்குறவங்களுக்கு வெறும் அயர்லாந்து விசா அங்க செல்லாது, வழியில எங்கயாவது கேட்டாங்கன்னா வம்பு. விசால பிஐவிஎஸ்னு (பிரிட்டிஷ் ஐரிஷ் விசா திட்டம்) குறிப்பு இருந்தா, நேரா அயர்லாந்துல வந்து எறங்கியிருந்தா, அந்த ஒரே விசால வட அயர்லாந்தும் போலாம். ஊர்ல அப்ளை பண்றப்பவே அத கேட்டு வாங்கச் சொல்லுங்க. வந்த பிறகு ஒண்ணும் பண்ண முடியாது.

ரெண்டாவது காரணம்தான் பெருசு. தெக்குல கெரி, வடக்குல காஸ்வே, இந்த ரெண்டையும் 6 நாள்ல அடக்குனா அது டூர் இல்ல, ட்ரான்ஸ்போர்ட். டூர் புரோஷர் கைல வந்தா எல்லாரும் எடங்கள எண்ணுவாங்க. நீங்க ராத்திரிகள எண்ணுங்க. எத்தன ராத்திரி, எத்தன ஹோட்டல்? 5 ராத்திரிக்கு 4 ஹோட்டல்னா கிட்டத்தட்ட தினமும் காலைல 7 மணிக்குள்ள பெட்டிய கட்டி ரூம் வாசல்ல வைக்கணும், அவசர அவசரமா டிபன், 8, 8:30க்கு பஸ், சாயங்காலம் வேற ஊர்ல வேற ரூம், திரும்ப பெட்டிய பிரிக்கணும். 30 வயசுக்காரங்களே மூணாம் நாள் பஸ்ல தூங்கிடுவாங்க. உங்க அம்மா மாதிரி இருக்குறவங்களுக்கு ஒரே ஹோட்டல்ல 3 ராத்திரி தங்கி அங்கேந்து தினம் ஒரு பக்கம் போயிட்டு வர்ற மாதிரி டூர் தேடுங்க, கில்லார்னிய வச்சு அப்படி நிறைய நடக்குது. கில்லார்னில 3, கால்வேல 2, அவ்ளோதான். கெரி, டிங்கிள், மோஹர், முடிஞ்சா கானமாரா, இதுவே கண் கொள்ளாத காட்சி.

அடுத்து ஒவ்வொரு நாளுக்கும் பஸ்ஸுக்குள்ள எத்தன மணி நேரம்னு கம்பெனிகிட்ட எழுதிக் கேளுங்க. இதுல ஐரோப்பிய சட்டம் ஒண்ணு நமக்கு சாதகமா இருக்கு. டிரைவர் தொடர்ந்து நாலரை மணி நேரத்துக்கு மேல ஓட்டக்கூடாது, 45 நிமிஷம் ரெஸ்ட் எடுத்தே ஆகணும், ஒரு நாளைக்கு பொதுவா 9 மணி நேரம்தான் ஸ்டியரிங். வண்டியில பதிவாகிட்டே இருக்கும், ஏமாத்த முடியாது. அதனாலதான் சாயங்காலம் “கொஞ்சம் அந்த பீச்சுக்கு விடுங்களேன்”னு கேட்டா டிரைவர் சிரிச்சுக்கிட்டே முடியாதுன்னுவார். அதெல்லாம் திமிர் இல்லன்னு அப்பாகிட்ட முன்னாடியே சொல்லி வைங்க, நம்ம ஊர் டூரிஸ்ட் வண்டி டிரைவர்கிட்ட பேசி வாங்குற மாதிரி இங்க முடியாது. பெரிய கோச்ல பல நேரம் டிரைவரே கைடாவும் இருப்பார், மைக்ல கதை சொல்லிட்டே ஓட்டுவார், கெரி உச்சரிப்பு அப்பாவுக்கு முதல் நாள் சுத்தமா புரியாது, ரெண்டாம் நாள் காது பழகிடும்.

ரிங் ஆஃப் கெரி நாள பத்தி கொஞ்சம் விரிவா சொல்றேன், ஏன்னா காசு கொடுக்குறதே அதுக்குத்தான். மொத்தம் 179 கிமீ வளையம். ரோடு குறுகல்ங்குறதால கோச்செல்லாம் ஒரே திசைலதான் போகும், கடிகாரம் சுத்துறதுக்கு எதிர்ப்பக்கமா, கில்லார்னிலேந்து கில்லார்க்ளின், கிளென்பே, கஹர்சிவீன், வாட்டர்வில், ஸ்னீம்னு. இப்படி போறப்ப கடல் எப்பவும் வலது கைப்பக்கம்தான். டிரைவர் சீட்டும் வலதுல, அவருக்கு பின்னாடி வரிசைல ஜன்னல் சீட் கிடைச்சா அன்னைக்கு யோகம்தான். ஆனா நிறைய கம்பெனி தினமும் சீட்ட மாத்திக்கிட்டே வரும், சண்டை வரக்கூடாதுன்னு. அந்த மாத்துற முறை எப்படின்னு முதல் நாளே கேட்டுக்கிட்டா கெரி நாளுக்கு எந்தப் பக்கம் வரும்னு கணக்கு போட்டுடலாம். கிளென்பே தாண்டுனதும் டிங்கிள் வளைகுடா திறக்கும் பாருங்க, ரோடு மலைச்சரிவுல ஒட்டிக்கிட்டு போகும், கீழ நேரா தண்ணி, அந்த எடத்துல அம்மா வலது ஜன்னல்ல இருக்கணும். வாட்டர்வில் தாண்டி கூமகிஸ்டா கணவாய்ல வானம் தெளிவா இருந்தா தூரத்துல ஸ்கெல்லிக் பாறைத்தீவு ரெண்டும் கூர்கூரா நிக்கிறது தெரியும். அங்க போட்ல போய் ஏறணும்னு யாராவது ஆசை காட்டுனா அம்மா காதுல விழாம பாத்துக்கோங்க, 600க்கு மேல கல் படி, பிடிச்சுக்க கம்பி கூட கிடையாது. திரும்பி வர்றப்ப மோல்ஸ் கேப் கணவாய், அப்புறம் லேடீஸ் வியூ, இது 1861ல விக்டோரியா ராணி வந்தப்ப கூட வந்த தோழிப் பெண்களுக்கு அந்த எடம் ரொம்ப புடிச்சுப்போய் வந்த பேரு.

டிங்கிள் பக்கம் ஸ்லே ஹெட் ரோட்டுல திசை மாறிடும், அங்க கடிகாரச் சுத்து, கடல் இடது கைல. சில பேர் கானர் பாஸ் வழியா போகலையேன்னு கோச்காரங்கள திட்டுவாங்க, அந்த மலை ரோட்டுல 2 டன்னுக்கு மேல எடையுள்ள வண்டிக்கே அனுமதி இல்ல, பாவம் அவங்க என்ன பண்ணுவாங்க. இந்த மாதிரி சந்து பொந்துக்கெல்லாம் போகணும்னா 16 பேர் போற சின்ன வண்டி டூர் இருக்கு, ஆனா அதுல கால் நீட்ட எடம் கம்மி, வண்டிக்குள்ள டாய்லெட் இருக்காது. முட்டி வலிக்கும் 68 வயசுக்கும் பெரிய கோச்தான் என் ஓட்டு. பெரிய கோச்ல டாய்லெட் இருந்தாலும் படி எறங்கி குறுகலான பெட்டிக்குள்ள போகணும், ஓடுற வண்டில அது அம்மாவுக்கு ஆபத்து. சுமார் 2 மணி நேரத்துக்கு ஒரு தடவ நிறுத்துவாங்க, நிறுத்துன எடத்துல எல்லாம் தேவையோ இல்லையோ போயிட்டு வந்துடச் சொல்லுங்க.

கில்லார்னிலேந்து மோஹருக்கு போறப்ப டார்பர்ட்ல கோச்சையே ஃபெர்ரில ஏத்தி ஷானன் ஆத்த தாண்டுவாங்க, 20 நிமிஷம், மேல டெக்குக்கு போய் நின்னா நல்ல காத்து, அம்மா வண்டிலயே உக்காரலாமான்னு டிரைவர்கிட்ட கேட்டுக்கலாம். மோஹர் பாறைச்சரிவு உச்சத்துல 214 மீட்டர், படம் பாத்திருப்பீங்க. படத்துல இல்லாதது பனிமூட்டம். சில நாள் அங்க போய் நின்னா வெள்ளையா ஒரு போர்வைதான் தெரியும், கீழ அலை சத்தம் மட்டும் கேக்கும், அதுக்கு யாரையும் குத்தம் சொல்ல முடியாது. டூர்ல அங்க எவ்ளோ நேரம் விடுறாங்கன்னு பாருங்க, ஒரு மணி நேரம்னா பத்தாது, ஒண்ணரை ரெண்டு இருந்தா மூட்டம் விலக ஒரு சான்ஸ் இருக்கும், அம்மாவும் நிதானமா ஏறலாம். பாதை போட்டிருக்காங்க, ஆனா ஏத்தமும் படியும் உண்டு. 1835ல கட்டுன ஓ’பிரையன் கோபுரம் வரைக்கும் போகணும்னு கட்டாயம் இல்ல, முதல் மேடைலேந்தே பாதி காட்சி கிடைச்சிடும். நுழைவு டிக்கெட் டூர் காசுல அடங்குதான்னு பாத்துக்கோங்க, கானமாரால கைல்மோர் ஆபிங்குற மடத்துக்கும் அதே கேள்விதான்.

மழைய பத்தி எல்லாரும் பயமுறுத்துவாங்க. கெரி கடற்கரைல வலன்ஷியா பக்கம் வருஷத்துக்கு சுமார் 1,500 மிமீ, சென்னைய விட பெருசா ஒண்ணும் அதிகம் இல்ல, ஆனா சென்னைல ஐப்பசி கார்த்திகைல கொட்டித் தீத்துடும், இங்க அதையே வருஷம் பூரா பிரிச்சுப் பிரிச்சு தூறும். குடை வேஸ்ட், காத்துல திருப்பிக்கும். தொப்பி வச்ச ரெயின் ஜாக்கெட், அம்மா புடவைதான் கட்டுவாங்கன்னா முழங்காலுக்கு கீழ வர்ற நீளமான ஜாக்கெட்டா வாங்குங்க, ஈரப்புடவையோட ஏசி பஸ்ல உக்காந்தா முட்டி என்னத்துக்கு ஆகும். செருப்பு வேண்டவே வேண்டாம், கிரிப் உள்ள ஷூ. ஜூன் கடைசில ராத்திரி 10 மணி வரைக்கும் வெளிச்சம் இருக்கும், அது ஒரு பெரிய லாபம், சாப்பிட்டு முடிச்சு ஊருக்குள்ள மெதுவா நடக்கலாம், ஆனா தூக்கம் வராது, ஜன்னல் திரைய நல்லா இழுத்து விடச் சொல்லுங்க.

ஹோட்டல் விஷயத்துல நட்சத்திரத்த பாக்காதீங்க, ரெண்டே ரெண்டு கேள்வி கேளுங்க. லிஃப்ட் இருக்கா? குளிக்கிற எடம் பாத்டப்புக்குள்ளயா, இல்ல தரையோட இருக்குற ஷவரா? பழைய ஐரிஷ் ஹோட்டல்கள்ல பல ரூம்ல பாத்டப்புக்கு மேலதான் ஷவர், அந்த தொட்டி விளிம்ப தாண்டி வழுக்குற தரைல ஒரு கால வைக்கிறது இருக்கே, நாள் பூரா மலை ஏறி வந்த முட்டிக்கு அதுதான் எமன். புக்கிங் பண்றப்பவே “தரையோட ஷவர், லிஃப்ட் பக்கத்துல ரூம்”னு எழுதிக் கொடுத்தா பெரும்பாலும் ஏற்பாடு பண்ணிடுவாங்க, வந்து கேட்டா கிடைக்காது.

சாப்பாடு. காலைல ஐரிஷ் பிரேக்ஃபாஸ்ட்ல சாசேஜ், பேக்கன், அதுகூட கருப்பா வட்டமா ஒண்ணு இருக்கும் பாருங்க, பிளாக் புட்டிங், அது ரத்தத்துல செய்றது, வெள்ளையா இருக்குற ஒயிட் புட்டிங்கும் பன்றிதான். புட்டிங்னா இனிப்புன்னு நெனச்சு அப்பா எடுத்துடப் போறார். கஞ்சி, பழம், சோடா பிரெட், தயிர், இதுல பொழப்ப ஓட்டலாம். மத்தியானம் சூப் எடுத்தா காய்கறி சூப்னு போட்டிருந்தாலும் சிக்கன் ஸ்டாக்கான்னு கேக்கணும். அங்க அலர்ஜி லிஸ்ட் எழுதி வைக்கணும்னு சட்டம் இருக்கு, மீன் முட்டை பால் எல்லாம் அதுல வரும், ஆனா கோழி அதுல வராது, அதனால லிஸ்ட நம்பி சாப்பிட முடியாது. “வெஜிடேரியன், மீன் வேண்டாம், முட்டை வேண்டாம்”னு மூணையும் இங்கிலீஷ்ல ஒரு அட்டைல பெருசா எழுதி அப்பா சட்டைப்பைல வச்சுடுங்க. ராத்திரி ஹோட்டல் மெனுல சைவம் ஒண்ணே ஒண்ணுதான் இருக்கும், மூணாம் நாள் பாஸ்தாவ பாத்தாலே வெறுத்துடும். ரூம்ல பொதுவா கெட்டில் இருக்கும், வெந்நீர் ஊத்துனா ஆகுற உப்புமா மிக்ஸ், பருப்புப்பொடி, புளிக்காய்ச்சல் போதும். ரூம்ல அடுப்பு வச்சு தாளிக்க மட்டும் கூடாது, ஸ்மோக் அலாரம் அடிச்சு மொத்த ஹோட்டலும் ரோட்டுல நிக்கும். ஊர்லேந்து வர்றப்ப நெய், பால்கோவா எடுத்துட்டு வராதீங்க, பால் பொருள் வெளியேந்து ஐரோப்பிய யூனியனுக்குள்ள கொண்டு வர தடை, ஏர்போர்ட்ல தூக்கிப் போட்டுடுவாங்க. நெய் டப்ளின்லயே வாங்கிக் கொடுங்க.

மாத்திரை எல்லாம் கைப்பைல, பெட்டில வேண்டாம், பெட்டி பஸ்ஸுக்கு அடியில போயிட்டா சாயங்காலம்தான் கைக்கு வரும். வளைவு ரோட்டுல குமட்டல் வரும்னா டாக்டர்கிட்ட கேட்டுட்டு ஏற்பாடு பண்ணுங்க, அவோமின் போட்டா வாந்தி வராது சரி, கூடவே தூக்கமும் வரும், டிங்கிள் வளைகுடாவ தூங்கிக்கிட்டே தாண்டிடுவாங்க. அப்பா போன்ல ஐரிஷ் சிம் போட்டு, டிரைவர் நம்பரையும் ஹோட்டல் பேரையும் சேவ் பண்ணிக் கொடுங்க. எந்த ஸ்டாப்ல எறங்குனாலும் திரும்பி வரவேண்டிய நேரத்தையும் பஸ் நம்பர் பிளேட்டையும் ஒரு போட்டோ எடுத்துக்கச் சொல்லுங்க, சீசன்ல ஒரே மாதிரி பத்து கோச் நிக்கும்.

பணம் கட்டுறதுக்கு முன்னாடி ஒண்ணு. தங்குறதும் பயணமும் சேத்து ஒரே விலைல வித்தா அது ஐரோப்பிய சட்டப்படி பேக்கேஜ். கம்பெனி பிளான பெரிய அளவுல மாத்துனாலோ விலைய 8 சதவீதத்துக்கு மேல ஏத்துனாலோ நீங்க அபராதம் இல்லாம விலகிக்கலாம். விசா லேட்டாகி அப்பா அம்மா வர முடியலன்னா, கிளம்புறதுக்கு 7 நாள் முன்னாடி சொல்லிட்டா அந்த சீட்ட வேற யாருக்காவது மாத்திக் கொடுக்கவும் உங்களுக்கு உரிமை இருக்கு, மாத்துறதுக்கு ஆகுற செலவ மட்டும் கேப்பாங்க.

உங்க ரெண்டு நாள் லீவ எங்க போடுறதுன்னா, டூரோட கில்லார்னி பகுதிக்கு போடுங்க. டப்ளின் ஹூஸ்டன் ஸ்டேஷன்லேந்து ட்ரெயின், சில வண்டிக்கு மாலோல மாறணும், மூணேகால் மணி நேரம் மாதிரி ஆகும். கில்லார்னில பல டூர்ல ஒரு நாள் ஓய்வு நாளா விடுவாங்க, அன்னைக்கு குதிரை வண்டில மக்ரோஸ் தோட்டத்துப் பக்கம் மூணு பேரும் போயிட்டு வரலாம், ராத்திரி டவுன்ல இந்தியன் ரெஸ்டாரன்ட்ல சாப்பாடு. நீங்க வர்ற தேதியையும் அதே ஹோட்டல்ல உங்களுக்கு ஒரு ரூமையும் இப்பவே போட்டுடுங்க, ஜூன்ல கில்லார்னில கடைசி நேரத்துல ரூம் தேடுனா விலை தலைய சுத்தும்.