தம்பி சோம்பேறி இல்லை அம்மா

அன்புள்ள அம்மா, வணக்கம்.

உங்கள் மகனுக்கு வியாசர்பாடி அம்பேத்கர் கல்லூரியில் பி.காம். இரண்டாம் ஆண்டு, கூடவே அரசு வேலைக்கான குரூப் 4 தேர்வுப் படிப்பு, சாயங்காலம் ஃபுட்பால், ராத்திரி ஃபுட் டெலிவரி. "எல்லாத்தையும் தொடறான், ஒண்ணையும் முடிக்கல, சோம்பேறி ஆயிட்டான்" என்று எழுதியிருக்கிறீர்கள். சோம்பேறியாக இருந்தால் இத்தனையை இழுத்துப் போட்டுக்கொள்வானா?

இலக்குகள் ஒன்றோடொன்று முட்டிக்கொண்டால், அவற்றைப் பற்றிய யோசனை கூடும், செயல் குறையும். எம்மன்ஸ், கிங் என்ற உளவியலாளர்கள் 1988-லேயே இதை எழுதியிருக்கிறார்கள். அதோடு, பலன் குறைவாக இருந்தாலும் கெடு நெருக்கமாக உள்ள வேலையைத்தான் மனசு முதலில் எடுக்கும். இது 2018-ல் வந்த ஓர் ஆய்வின் முடிவு. டெலிவரி ஆர்டருக்கு நிமிடக் கணக்கில் கெடு. பரீட்சைக்கோ மாதக் கணக்கில். புத்தகம் மடியில் இருந்தாலும் கண் போனில்தான் இருக்கும்.

அதனால் "எது முக்கியம்?" என்று அவனிடம் கேட்காதீர்கள். எல்லாமே முக்கியம் என்றுதான் சொல்வான். டெலிவரி காசு வீட்டில் எதற்குப் போகிறது என்று முதலில் பாருங்கள். வாடகைக்கோ சீட்டுக்கோ போகிறது என்றால், அதை விடுவது அவன் கையில் இல்லை. அது குடும்பம் உட்கார்ந்து பேச வேண்டிய கணக்கு. பெட்ரோலுக்கும் போன் தவணைக்கும்தான் என்றால் வாரத்தில் சில ராத்திரிகளைக் குறைக்கலாம்.

டிகிரியை மட்டும் கைவிட விடாதீர்கள். குரூப் 4-க்குப் பத்தாம் வகுப்பு போதும், ஆனால் குரூப் 2-க்கும் வங்கித் தேர்வுகளுக்கும் பட்டம் வேண்டும். குரூப் 4-ல் 200 கேள்வி, அதில் 100 தமிழ். இப்போதைக்குத் தமிழை மட்டும் எடுக்கட்டும், பள்ளிப் பாடப்புத்தகங்களிலிருந்து. "தினமும் படிப்பேன்" என்பது போதாது. "கல்லூரி விட்டதும் நேராகக் கிளை நூலகம், ஐந்து மணி வரை தமிழ்" என்று இடமும் நேரமும் சேர்த்து முடிவு செய்யச் சொல்லுங்கள். இப்படித் தீர்மானிப்பவர்கள் சொன்னதைச் செய்து முடிப்பது கூடுகிறது என்று உளவியலாளர் கோல்விட்சர் பல ஆய்வுகளில் காட்டியிருக்கிறார். அப்படித் திட்டம் போட்டுவிட்டால், முடிக்காத வேலை மனதை அரிப்பதும் குறையும்.

ஃபுட்பாலை நிறுத்தாதீர்கள். உடம்பு, நண்பர்கள், தூக்கம் மூன்றையும் அந்த ஒரு மணி நேரம்தான் பார்த்துக்கொள்கிறது. நீங்கள் முதலில் வெட்ட நினைப்பது அதைத்தான், எனக்குத் தெரியும்.

சரி, அடுத்த முறை தம்பியையும் அழைத்து வாருங்கள். போன மாதம் டெலிவரியில் வந்ததும் செலவானதும் ஒரு தாளில் எழுதிக்கொண்டு வரட்டும். அதை வைத்தே பேசலாம்.