ஜூன் 12 எப்படி டிசம்பர் 6 ஆனது? எக்ஸெல் சார்ட் அச்சு: கேள்வி பதில்

மன்னார்குடியில் அரிசி ஆலைக் கணக்கு எழுதியவள், இப்போது கம்ப்யூட்டர் வகுப்பு எடுக்கிறேன். சார்ட்டின் அச்சு, அதாவது ஓரத்தில் தேதியும் எண்ணும் நிற்கும் 'ஆக்சிஸ்', சரியாக வரவில்லை என்று வந்த கேள்விகளில் சிலவற்றுக்கு இங்கே பதில்.

திருவையாறு: அக்கா, அப்பா மதகைத் திறந்து மூடும் லஸ்கராக இருந்தவர். மதகில் தினமும் தண்ணீர் மட்டம் குறித்த நோட்டை எக்ஸெல்லில் ஏற்றி லைன் சார்ட் போட்டேன். ஜூன் 12 என்று அடித்தது அச்சில் டிசம்பர் 6 ஆகிவிட்டது. ஜூன் 13-லிருந்து வேறு மாதிரிக் குழப்பம்.

தம்பி, அச்சைத் தொடாதீர்கள், செல்லைப் பாருங்கள். 1 முதல் 12 வரை உள்ள தேதிகள் வலது ஓரம் ஒட்டி நிற்கும், 13-லிருந்து இடது ஓரத்துக்குப் போயிருக்கும். சரிதானே? உங்கள் கம்ப்யூட்டரில் ரீஜன் அமெரிக்கா என்று இருக்கிறது. அவர்களுக்கு மாதம் முதலில், நாள் பிறகு. 12/6 என்று அடித்தால் டிசம்பர் 6. 13/6 என்று அடித்தால் பதின்மூன்றாம் மாதம் ஏது? அதனால் அதை வெறும் எழுத்தாக வைத்துக்கொள்கிறது. பாதி தேதி, பாதி எழுத்து என்றால் அச்சு என்ன செய்யும், பாவம்.

முதலில் விண்டோஸ் செட்டிங்கில் ரீஜன் பகுதியில் 'ரீஜனல் ஃபார்மட்'டை இந்தியாவாக மாற்றுங்கள். இடது பக்கம் நிற்பவற்றை மட்டும் தேர்ந்தெடுத்து, டேட்டா மெனுவில் 'டெக்ஸ்ட் டு காலம்ஸ்' போய், மூன்றாவது படியில் 'டேட்' பக்கத்தில் டிஎம்ஒய் (நாள், மாதம், வருடம்) கொடுங்கள். வலது பக்கம் நிற்கிறவைதான் ஆபத்தானவை, பார்வைக்கு ஒழுங்காகத் தெரியும். அவற்றுக்குப் பக்கத்து நெடுவரிசையில் டேட் ஃபார்முலா போட்டு, மாதத்தின் இடத்தில் நாளையும் நாளின் இடத்தில் மாதத்தையும் மாற்றிக் கொடுங்கள்.

சரியானதா என்று பார்க்க ஒரு வழி: செல் ஃபார்மட்டை 'ஜெனரல்' ஆக்குங்கள். 12 ஜூன் 2024 என்றால் 45455 என்று வரவேண்டும். எக்ஸெல்லுக்குத் தேதி என்பது 1900 ஜனவரி 1-ஐ ஒன்று என்று வைத்து எண்ணிக்கொண்டே வரும் எண்தான்.

அப்பா நோட்டில் 12.6.2024 என்று புள்ளி வைத்து எழுதியிருப்பார், நம் ஊர்ப் பழக்கம் அதுதான். அப்படியே அடித்திருந்தால் இந்திய செட்டிங்கிலும் அது எழுத்தாகத்தான் உட்காரும். கண்ட்ரோல் எச் அழுத்தி, புள்ளியை எடுத்துச் சாய்கோடு (/) போட்டால் தீர்ந்தது.

நாகப்பட்டினம், பள்ளி ஆசிரியை: மேட்டூர் அணை எந்த வருடம் எந்தத் தேதியில் திறந்தது என்று பிள்ளைகளுக்குச் சார்ட் போட்டேன். கோடு வருடா வருடம் மேலே ஏறிக்கொண்டே போகிறதே?

டீச்சர், தேதிக்குள் வருடமும் இருக்கிறது, அதனால் ஏறத்தான் செய்யும். உங்களுக்கு வேண்டியது நாளும் மாதமும் மட்டும். எல்லாத் தேதியையும் 2025 என்று ஒரே வருடத்துக்குக் கொண்டுவாருங்கள், உண்மையான வருடம் கிடைமட்ட அச்சில் இருக்கட்டும். 2020, 2021, 2023, 2025 நான்கும் ஜூன் 12-ல் ஒரே வரியில் நிற்கும். 2022 மே 24 கீழே இறங்கும், 2024 ஜூலை 28 மேலே ஏறும். நெடுக்கு அச்சின் 'மினிமம்' கட்டத்தில் 45778 கொடுங்கள், அது 2025 மே 1. நம்பர் ஃபார்மட்டில் நாள், மாதம் மட்டும் வையுங்கள். பட்டை வேண்டாம், புள்ளி போதும். ஜூலை 28 தனியாக மேலே நிற்பதைப் பார்த்தாலே பிள்ளைகள் ஏன் என்று கேட்பார்கள்.

கும்பகோணம், கல்லூரி மாணவி: குறுவைப் பரப்பு போட்டால் வருடமும் தனிக் கோடாக வருகிறது அக்கா.

வருடமும் எண் என்பதால் எக்ஸெல் அதையும் பரப்பு மாதிரி நினைத்துக்கொண்டது. 'ஆண்டு' என்ற தலைப்பை மட்டும் அழித்து, அந்த மூலைச் செல்லைக் காலியாக விட்டு மறுபடி சார்ட் போடும்மா. பிறகு தலைப்பை எழுதிக்கொள்ளலாம்.

திருத்துறைப்பூண்டி, சங்கக் கணக்கர்: செல்லில் ஊர்ப் பெயர்கள் தமிழில் இருக்கின்றன. சார்ட்டில் மட்டும் ஆங்கில எழுத்தும் குறியுமாகக் கொட்டுகிறது.

பாமினி ஃபாண்ட்டில் அடித்திருப்பீர்கள் அண்ணே. அதில் அடியில் கிடப்பது ஆங்கில எழுத்து, மேலே தமிழ் உருவம் போர்த்தியிருக்கிறது. சார்ட் வேறு ஃபாண்ட் எடுத்ததும் போர்வை நழுவிவிட்டது. அவசரத்துக்கு அச்சின் ஃபாண்ட்டைப் பாமினி ஆக்குங்கள். நேரம் இருக்கும்போது எல்லாவற்றையும், ஃபாண்ட் மாறினாலும் தமிழாகவே நிற்கும் யூனிகோடுக்கு மாற்றிவிடுங்கள். இல்லாவிட்டால் ஃபைலை இன்னொருவருக்கு அனுப்பும் நாளில் இதே தொல்லை திரும்ப வரும்.

ஒரத்தநாடு, விவசாயி: கூட்டத்தில் ஒரு சார்ட் காட்டினார்கள். எங்கள் ஊர் நெல் ஈரப்பதம் 17.4, பக்கத்து ஊர் 16.8. பட்டையைப் பார்த்தால் எங்களுடையது மூன்று மடங்கு உயரம். நெல் தண்ணீரில் ஊறியதா என்ன?

அச்சு 16.5-ல் தொடங்கியிருக்கும் ஐயா. ஒரு பட்டைக்கு 0.9 உயரம், இன்னொன்றுக்கு 0.3. மூன்று மடங்கு வந்துவிட்டது. எக்ஸெல் தானாகவே இப்படி வெட்டும், யாரோ வேண்டுமென்று செய்தார்கள் என்று உடனே சொல்லிவிட வேண்டாம். பட்டை போட்டால் அச்சு பூஜ்யத்தில்தான் தொடங்க வேண்டும், இதில் நான் விட்டுக்கொடுக்க மாட்டேன். ஆனால் அப்படிப் போட்டால் இரண்டும் ஒரே உயரமாகத் தெரியும். கொள்முதலுக்கு 17 சதவீதம்தான் வரம்பு என்பதால் அந்த 0.4 உங்களுக்குப் பெரிய விஷயம். அதனால் பட்டையை விட்டுவிட்டுப் புள்ளி வையுங்கள், 17-ல் குறுக்கே ஒரு கோடு. யார் மேலே, யார் கீழே என்பது தெளிவாகத் தெரியும்.

தஞ்சாவூர்: மார்க்கெட் லீவு நாட்களில் விலைக் கோடு நீளமாக இழுத்துப் போகிறது.

ஃபார்மட் ஆக்சிஸில் 'டேட் ஆக்சிஸ்' என்பதை 'டெக்ஸ்ட் ஆக்சிஸ்' ஆக்குங்கள். லீவு நாள் காணாமல் போகும்.

பட்டுக்கோட்டை: போர்வெல் தண்ணீர் ஆழம் 40 அடியிலிருந்து 90 அடிக்குப் போனது. சார்ட்டில் கோடு மேலே ஏறுகிறது. பார்க்கிறவர்கள் தண்ணீர் கூடிவிட்டது என்கிறார்கள்.

நெடுக்கு அச்சை வலது க்ளிக் செய்து, ஃபார்மட் ஆக்சிஸில் 'வேல்யூஸ் இன் ரிவர்ஸ் ஆர்டர்' டிக் அடியுங்கள். கோடு கீழே இறங்கும். கூடவே மாதப் பெயர்கள் உச்சிக்கு ஓடிவிடும், பயப்படாதீர்கள். அதே இடத்தில் 'ஹாரிசாண்டல் ஆக்சிஸ் கிராஸஸ்' என்பதில் 'மாக்சிமம் ஆக்சிஸ் வேல்யூ' கொடுத்தால் மறுபடி அடியில் வந்து உட்காரும். 'தரைமட்டத்திலிருந்து ஆழம், அடியில்' என்று அச்சின் பக்கத்தில் எழுத மறக்க வேண்டாம்.